அம்மாவின் கண் பிரஷர் நோட்டு

"வலி இல்லை, எரிச்சல் இல்லை, பேப்பர் நல்லாத்தான் படிக்கிறேன். எதுக்குப்பா மறுபடியும் கண் டாக்டர்?" போகும் நாள் நெருங்கும்போதெல்லாம் அம்மா இப்படிக் கேட்பார். பதிலுக்கு அவருடைய நாற்பது பக்க நோட்டைத்தான் எடுத்து வைப்பேன். முதல் வரியில் வலது 26, இடது 25.

கண்ணாடி மாற்றப் போன இடத்தில் தற்செயலாகத் தெரிந்த எண்கள் அவை. 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இயல்பு என்பார்கள். கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் சுரந்து, கருவிழியின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியே வடிந்துகொண்டே இருக்கிறது. வடிகால் மந்தமானால் அழுத்தம் ஏறும். அது பின்னால் இருக்கும் பார்வை நரம்பை மெல்ல மெல்ல அரிப்பதுதான் க்ளாக்கோமா. பெரும்பாலும் ஓரப் பார்வையில் ஆரம்பிக்கும். நடுப் பார்வை வெகுகாலம் தெளிவாக இருப்பதால் பேப்பர் படிக்க முடியும். போன பார்வை மட்டும் திரும்பாது.

பிரஷர் கூடுதல் என்றாலே க்ளாக்கோமா என்று பதற வேண்டியதில்லை. அழுத்தம் அதிகமாக இருந்தும் நரம்பு கெடாத 1,636 பேரை அமெரிக்காவில் பின்தொடர்ந்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்தாண்டில் சொட்டு மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கும், போட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்கும் நோய் வந்தது. மருந்து ஆபத்தைப் பாதியாகக் குறைத்தது. மருந்தில்லாமலே பெரும்பாலோர் தப்பியதும் உண்மை. யாருக்கு மருந்து, யாருக்குக் கண்காணிப்பு மட்டும் என்பதை மருத்துவர்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். கருவிழி மெலிந்திருந்தால் ஆபத்து கூடும். அம்மாவுக்கு மெலிந்த கருவிழி. பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் பார்வையே இல்லை. இரண்டையும் கேட்டு மருத்துவர் சொட்டு மருந்தை ஆரம்பித்துவிட்டார்.

அழுத்தம் அளப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். மரத்துப்போகும் சொட்டு, பிறகு மஞ்சள் சாயம். நீல விளக்கோடு ஒரு சிறு முனை கருவிழியை மெதுவாகத் தொடுகிறது. மருத்துவருக்கு இரண்டு பச்சை அரைவட்டங்கள் தெரியுமாம். அவற்றின் உள்விளிம்புகள் ஒட்டும்வரை திருகைத் திருப்பி, எண்ணைப் படிக்கிறார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒற்றை எண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே நாளில் அது ஏறி இறங்கும். அதனால்தான் நோட்டில் நேரத்தையும் குறிக்கிறோம். 21-க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுபவர்கள் உண்டு. நரம்பைப் பார்ப்பதும், ஓரப் பார்வையைச் சோதிக்கும் ஃபீல்டு டெஸ்ட்டும் இல்லாமல் சோதனை முழுமையாகாது.

எனக்கு ஒரு கவலை உண்டு. கண் சிவந்தால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி, வாரக்கணக்கில் விட்டுக்கொள்கிறார்கள். சிலருக்கு அதுவே கண் பிரஷரை ஏற்றிவிடும். தயவுசெய்து வேண்டாம்.

அம்மா இரவு ஒன்பது மணிக்குச் சொட்டு விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்கிறார். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே தங்கும். போன மாதம், காலை 10.20: வலது 18, இடது 17. அந்த வரியை அவரே எழுதினார்.