வண்ணம் பழகுவோம் – 9: பிசாரோவின் தாடி

கேன்வாஸுக்கு அடிப்பூச்சு கொடுத்துக் காயவைத்திருப்பீர்கள். இனி ஒரு முகத்தைப் பார்த்துத் தீட்டலாம். யாருடைய முகம் என்று கேட்டால் பலரும் வான்கோ என்பார்கள். ஆரம்பத்திலேயே அவரிடம் போனால் சுழல் கோடுகள் கைக்கு வந்துவிடும், முகம் வராது. நான் சொல்வது இம்ப்ரெஷனிச ஓவியர் கமீல் பிசாரோவை.

1873-ல் அவர் தீட்டிய சுய உருவப்படம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகலம் 46 செ.மீ., உயரம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அடர்நிறக் கோட்டு, மார்பில் வழியும் நரையோடிய தாடி, நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வண்ணமே இல்லாத படம். கற்பதற்கு அதுதான் தோது.

பிசாரோவைப் பார்த்துத் தீட்டுவது ஒன்றும் சிறுபிள்ளை வேலையல்ல. லூவ்சியென் ஊரை அவர் 1871-ல் தீட்டிய காட்சியை இரவல் வாங்கிப்போய், மறு ஆண்டே படியெடுத்தவர், பின்னாளில் பெரும்பெயர் பெற்ற ஓவியர் செசான். அப்போது செசானுக்கு 33 வயது. கறுப்பைக் குழைத்துக் கத்தியால் அப்பிப் பழகிய கை. பிசாரோவின் பக்கத்தில் இருந்து வேலை செய்த பிறகுதான் அந்தக் கையில் வெளிச்சம் ஏறியது.

சரி, தாடிக்கு வருவோம். நரை என்றதும் கறுப்பையும் வெள்ளையையும் கலக்கத் தோன்றும். கலந்தால் சிமென்ட் பூசிய மாதிரி இருக்கும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னாவைக் குழைத்து வெள்ளை சேருங்கள். நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல். இப்படி ஐந்தாறு குவியல்களைப் பாலெட்டில் வைத்துக்கொண்ட பிறகே பிரஷ்ஷை எடுங்கள். (1878 வாக்கில் பிசாரோ ஒரு பாலெட்டின் மேலேயே நிலக்காட்சி ஒன்றைத் தீட்டினார். அதன் ஓரத்தில் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம், பச்சை இருக்கின்றன, கறுப்பு இல்லை. பழுப்பும் இல்லைதான், சியன்னா நம் வசதிக்கு.)

இப்போது கண்ணைப் பாதி மூடிப் படத்தைப் பாருங்கள். வெள்ளை என்று நினைத்த முடிக்கற்றைகள் பலவும் நடுத்தரச் சாம்பலாக இறங்கிவிடும். உண்மையான வெளிச்சம் சில இடங்களில்தான் மிஞ்சும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தீற்றல் வைத்தால் கையை எடுத்துவிடுங்கள். விளிம்பு உறுத்துகிறதே என்று தேய்த்தால் இரண்டு சாம்பலும் சேர்ந்து சேறாகும். தவறான தீற்றலைக் கத்தியால் சுரண்டி எடுப்பதே மேல். முதல் பூச்சுக்கு டர்பன்டைன் கலந்த மெல்லிய வண்ணம் போதும். லின்சீட் எண்ணெய் கூடியது மேலேதான் வரவேண்டும். மாற்றிப் பூசினால், அடியில் இருப்பது காயும் முன்பே மேற்பூச்சு இறுகி, பின்னாளில் வெடிக்கும்.

லூவர் அருங்காட்சியகத்தில் படியெடுப்பவர்களுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: மூலத்தின் அளவிலேயே தீட்டக்கூடாது, ஓவியரின் கையெழுத்தைப் போடக்கூடாது. வீட்டில் தீட்டும் நீங்களும் அவற்றைக் கடைப்பிடியுங்கள். கேன்வாஸின் பின்பக்கம் ‘பிசாரோவைப் பார்த்து’ என்று எழுதி, உங்கள் பெயரையும் தேதியையும் போடுங்கள்.