பனிக்காலமும் முதியோர் மனமும்

ரொறன்ரோ நகரில் மார்கழிப் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. அதே மாதத்திலும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் காணும் யாழ்ப்பாணத்து முற்றங்களிலே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், பிள்ளைகள் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போன பின்னர், ஸ்காபரோவின் அடுக்குமாடி வீடொன்றில், உறைபனியில் வழுக்கினால் இடுப்பெலும்பு முறியுமென்ற பயத்தால் வாசற்படி தாண்டாமல் மாதக்கணக்கில் தனித்திருக்க நேரும்போது, அவர் மனம் சோர்வது ஆச்சரியமன்று.

அச்சோர்வை வயோதிகத்தின் சுபாவமென்று விட்டுவிடுவதே அபாயம். பருவந்தோறும் வந்து போகும் இந்த மனச்சோர்வை நார்மன் ரோசந்தால் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1984-இல் ஒரு வியாதியாகவே விவரித்தார்கள். அதற்குச் சிகிச்சையும் உண்டு. ஆனால் நம் முதியோர் மனவேதனையை மனவேதனையென்று சொல்லிப் பழகாதவர்கள். கால் உளைகிறது, சாப்பாடு இறங்கவில்லை, நித்திரை வருகுதில்லை என்றுதான் சொல்வார்கள். இக்குறைகளோடு, கோயிலுக்குப் போவதிலும் ஊர்ச் செய்தி கேட்பதிலும் இருந்த நாட்டமும் அற்று, இரண்டு வாரங்கள் கழிந்தும் நிலைமை மாறாவிடில் குடும்ப வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். அங்கே மொழிபெயர்க்கப் பேரனை உட்காரவைப்பது உசிதமன்று; அவன் முன்னிலையில் எந்த அம்மம்மாவும் தன் துக்கத்தைச் சொல்லமாட்டார். காலைதோறும் 10,000 லக்ஸ் ஒளிவிளக்கின் முன் அரைமணி நேரம் அமர்வது பலருக்குக் குணமளிக்கிறது; கண்நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடங்கலாகாது.

சிலருடைய துயரத்துக்கோ குளிர் ஒரு வெளிக்காரணம் மாத்திரமே. பிள்ளைகள் ஸ்பொன்சர் செய்து அழைத்த பெற்றோருக்கு, கியூபெக் நீங்கலான மாகாணங்களில், 20 ஆண்டுகள் அப்பிள்ளைகளே பொறுப்பு. முதியோர் பென்சனுக்கோ பொதுவாக 65 வயதும், கனடாவில் 10 ஆண்டு வாசமும் வேண்டும். பஸ் காசுக்கும் மகனிடம் கைநீட்டும் இந்த நிலையில், கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதும், எதிர்த்துப் பேசினால் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவோமென்று மிரட்டுவதும் சில வீடுகளில் நடக்கின்றன. அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை. நிரந்தர வதிவுரிமை பெற்ற ஒருவர், தம்மை அழைத்த பிள்ளையோடு பிணங்கினார் என்பதற்காகவோ, அவ்வீட்டை விட்டு வெளியேறினார் என்பதற்காகவோ அவ்வுரிமையை இழப்பதில்லை. இதை ஒவ்வொரு முதியவரும் திட்டமாக அறிந்திருக்கவேண்டும்.

ஒன்ராறியோவில் 211 என்ற இலக்கத்தை அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கேட்டுப் பெறலாம்; முதியோர் கூடுமிடங்கள், வாகன வசதி, தங்குமிடம், சட்ட உதவி முதலியவற்றுக்கு அங்கே வழிகாட்டுவார்கள், கட்டணமில்லை. உயிராபத்துக்கு 911. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால், 2023 நவம்பர் முதல் இயங்கும் 9-8-8 என்ற இலக்கம் இரவும் பகலும் உண்டு. அங்கே பேசுவது ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாத்திரமே, ஆதலால் தமிழ் மட்டும் அறிந்தவருக்காக, அவர் நம்பும் ஒருவர் அருகிருந்து பேசவேண்டும்.