நெடும் பயணத்திற்குச் சிறு மூட்டை



விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்து வீடுகளில் மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிடும். அக்காள் வீட்டுக்கு முறுக்கு, மருமகனுக்கு ஊறுகாய், பிள்ளைகளுக்குப் பலகாரம் என்று எல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏறிவிடும். பக்கத்து ஊருக்கென்றால் பரவாயில்லை. பேராக்கிலிருந்து கிளந்தானுக்கு மலையைக் கடந்து போவதென்றால், அந்த மூட்டையைப் பற்றி நாம் சற்று யோசிக்க வேண்டும். நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே.

காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். ஒரு வாளி நிறைந்து மறு வாளி குறைந்தால் நடை தடுமாறும். வண்டியும் அப்படித்தான். பின்சக்கரத்துக்கும் பின்னால் கனமான மூட்டை தொங்கினால் முன்சக்கரத்தின் பிடி குறையும். வளைவில் வண்டி நாம் திருப்பிய பக்கம் சரியாகத் திரும்பாது. முன்கூடையில் கனம் வைத்தால் கைப்பிடி இழுக்கும். பாரம் ஏற ஏற, பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரமும் கூடும். ஆகவே கனமான பொருள் தாழ்வாகவும் நடுவிலும் இருக்கட்டும். இரு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

அப்படியானால் எதைக் கொண்டுபோவது? உடுத்தியது போக ஆளுக்கு இரண்டு மாற்றுடை போதும். இரவு தங்குமிடத்தில் துவைத்துக் காயப்போடலாம். ஒரு கைலி துண்டாகும், போர்வையாகும், உடை மாற்ற மறைப்புமாகும். மழைக்குச் சட்டையும் கால்சட்டையுமாகத் தனித்தனியே உள்ள மழையுடை நல்லது. தொளதொளவென்று தொங்கும் மழைப்போர்வை சக்கரத்தில் சிக்கக்கூடும். துணிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பிறகு மூட்டையில் வையுங்கள். ஸ்பார்க் பிளக் ஒன்று, அதற்குரிய சாவி, சக்கரத்துக்கு ஒரு டியூப், சிறு பம்பு, டார்ச் லைட், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து, குடிநீர், அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவை கட்டாயம். பணத்தை இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

கட்டுவதற்குப் பழைய டியூபைக் கீற்றாக வெட்டிய ரப்பர் வார் நன்றாக உதவும். அதன் நுனி சங்கிலிப் பக்கம் தொங்கக்கூடாது. இன்னொன்று: பல சிறு வண்டிகளில் எண்ணெய்த் தொட்டி இருக்கைக்கு அடியில்தான் இருக்கிறது. இருக்கையின் மேல் மூட்டையைக் கட்டிவிட்டால், பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அவிழ்க்க வேண்டிவரும். புறப்படுமுன் டயர்க் காற்றையும் சங்கிலியையும் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்.

இனி வழியைப் பார்ப்போம். கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் கிளந்தானுக்குப் போகத் தெற்கே நெடுந்தூரம் சுற்ற வேண்டியிருந்தது. இப்போது தெமெங்கோர் ஏரியைத் தாண்டிக் காட்டினூடே நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. சிறு வண்டியின் தொட்டியில் ஏறக்குறைய 4 லிட்டர்தான் பிடிக்கும். ஏற்றத்தில் அது வேகமாகக் குறையும். எனவே கிரிக்கில் தொட்டியை நிரப்பாமல் மலையேறாதீர்கள். காலையில் மூடுபனி இருக்கும், மேலே குளிரும். யானைகள் சாலையைக் கடக்கும். கண்டால் ஹாரன் அடிக்காமல் தொலைவிலேயே நில்லுங்கள். இருட்டில் அவ்வழியே போகாதீர்கள்.

பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு விடியலில் எழுவது பழக்கம். அந்தப் பழக்கம் பயணத்திலும் கைகொடுக்கும். வெளிச்சம் வந்ததும் புறப்பட்டு, மணிக்கொரு முறை இறங்கிக் கைகால்களை உதறி, தண்ணீர் குடித்து, பிற்பகல் மழைக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிடலாம். மழை பிடித்துக்கொண்டால் பாலத்தடியில் சாலையோரமாக நிற்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கடையோ எண்ணெய் நிலையமோ பார்த்து ஒதுங்குங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை கிழக்குக் கரையில் பருவமழைக் காலம். அந்த நாட்களில் பேருந்தே நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பலகாரத்தைத் தபாலில் அனுப்பலாம். அடுத்த முறையும் கொடுக்கலாம். பிள்ளைகள் புறப்படும்போது இன்னொரு பையை நீட்டாமல், தலைக்கவசத்தின் வார் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் நலமாகப் போய்ச் சேர்வதுதானே உங்களுக்கும் வேண்டியது.