கோபுரத்திலிருந்து விழுந்தவனைச் சூப்பர்மேன் பிடித்தால்?

சூப்பர்மேன் கார்ட்டூன் படமாகத் திரைக்கு வந்தது 1941-இல். 2008-இல் தொலைக்காட்சியில் தோன்றிய நம் நாட்டுச் சோட்டா பீமோ லட்டுத் தின்று பலம் பெறுகிறான். எனக்குப் பிடித்தவன் பீம்தான். உணவிலிருந்தே ஆற்றல் என்பதையாவது ஒப்புக்கொள்கிறானே!

மதுரையில் உறவினர் வீட்டு விருந்தில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், "மாமா, கோபுரத்திலிருந்து விழுபவனைத் தரைக்குச் சற்று மேலே சூப்பர்மேன் பிடித்தால் பிழைப்பானா?" என்று கேட்டான். "படிக்கிறதை விட்டுட்டு இதுதான் கேள்வியா?" என்றார் தந்தை. பந்தியே சிரித்தது. பையன் தலை நிமிரவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. அவன் கேட்டது நியூட்டனின் இரண்டாம் விதியை அல்லவா?

கணக்கிட்டுப் பார்ப்போம். மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தின் உயரம் சுமார் 170 அடி, அதாவது 52 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால், உச்சியிலிருந்து விழுபவன் தரையை நெருங்கும்போது அவன் வேகம் வினாடிக்கு 32 மீட்டர். மணிக்கு 115 கிலோமீட்டர்! அரை மீட்டருக்குள் அவனை நிறுத்தினால், உடல்மீது செயல்படும் விசை எடையைப்போல் 100 மடங்குக்கும் மேல். எஃகுக் கைகளும் தரையும் அப்போது ஒன்றே.

பாதி உயரத்திலேயே பற்றி, மீதி 26 மீட்டரும் சீராக வேகத்தைக் குறைத்துக்கொண்டே இறங்கினால்? விசை 2 மடங்குதான், ஆள் பிழைப்பான். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கைகளைப் பின்னுக்கு இழுப்பதும் இதற்காகவே. ஆனால் பாதி உயரம் விழ 2.3 வினாடிதான் ஆகும். சூப்பர்மேன் அதற்குள் வந்துவிட வேண்டும்.