ராணியைக் கொடு, ராஜாவைப் பிடி

சாயங்காலமானால் காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் கேரம் சத்தம்தான். திண்ணை ஓரத்தில் நானும் பேத்தியும் செஸ் போர்டோடு உட்காருவோம்.

நேற்றைய புதிர்: மூலையில் கறுப்பு ராஜா, அதற்கு முன் இரண்டு சிப்பாய்கள், ராஜாவின் வரிசையிலேயே தள்ளி ஒரு யானை. என்னிடம் ராணியும், ராஜாவுக்கு நேரே இரண்டு கட்டம் தள்ளிக் குதிரையும். இரண்டே நகர்த்தலில் மேட்.

"தாத்தா, ராணியை ராஜா பக்கத்துல வச்சா யானை வெட்டிடுமே!"

"வெட்டட்டும்மா. அதுக்கு வேற வழி இருக்கா?"

குதிரை காவல் நிற்பதால் ராஜாவால் வெட்ட முடியாது. யானைதான் வெட்டியாக வேண்டும். வெட்டியதும் ராஜாவைச் சுற்றி மூன்று கட்டத்திலும் சொந்த ஆட்களே அடைப்பு. குதிரை துள்ளி செக் வைக்கும். மேட்! 1497-ல் ஸ்பெயினில் லூசேனா வெளியிட்ட புத்தகத்திலேயே இந்த வித்தை உண்டு.

எதிராளி எந்தப் பதில் ஆடினாலும் மேட் தப்பாதபடி விரட்டுவதே கட்டாய மேட். செக் வைத்தால் எதிராளியின் பதில்கள் குறையும்; அதனால் முதலில் செக்குகளைத் தேட வேண்டும்.

பின்னாளில் செஸ் உலக சாம்பியனான விஸ்வநாதன் ஆனந்தும் இப்படிப் புதிர்களில் பழகியவர்தான். சிறுவனாக மணிலாவில் அவர் பள்ளிக்குப் போயிருக்கும்போது, டிவியில் வரும் செஸ் புதிரை அம்மா சுசீலா எழுதி வைப்பார். மாலையில் இருவரும் விடை அனுப்புவார்கள்; பரிசு, புத்தகம். கடைசியில், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனி விடை அனுப்பாதே" என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம்.

பேத்தி இப்போது ராணியைக் கொடுக்கத் தயங்குவதில்லை.