சூடேறினாலும் குரல் தளராத சிப்

புதிய கார்கள் பலவற்றின் முன்பக்கத்தில் ஒரு சிறிய ராடார் மறைந்திருக்கிறது. 76 முதல் 81 கிகாஹேர்ட்ஸ் வரையான அதிர்வெண்ணில் அது அலைகளை அனுப்புகிறது. முன்னால் செல்லும் வாகனத்திலோ பாதையைக் கடப்பவரிலோ பட்டுத் திரும்பும் அலையைக் கொண்டு தூரத்தையும் வேகத்தையும் கணிக்கிறது. ஒளியின் வேகத்தை 77 கிகாஹேர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் ஏறத்தாழ 3.9 மில்லிமீற்றர். மில்லிமீற்றர் அலை என்ற பெயர் இதனால்தான்.

அலையை வெளியே விடுமுன் அதற்கு வலுவூட்டுவது வலு விரியலாக்கி. கைத்தொலைபேசிச் சிப்களைச் செய்யும் அதே சீமொஸ் முறையில் இதையும் இப்போது சிலிக்கனில் செய்கிறார்கள். மலிவுதான், ஆனால் இதற்குச் சூடு ஆகாது. வாகனச் சிப்கள் பல −40 முதல் 125 பாகை செல்சியஸ் வரை வேலை செய்ய வேண்டும். வெளிச்சூடு போதாதென்று விரியலாக்கி தானும் சூடாகிறது. உள்வாங்கும் வலுவில் பெரும்பகுதி அலையாகாமல் வெப்பமாகவே போகிறது.

சூடேறினால் என்ன நடக்கும்? கலியாண வீட்டில் எல்லோரும் அமர்ந்திருக்கும்போது சஹன் தூக்கிச் செல்வது எளிது. சனம் எழுந்து அங்குமிங்கும் அசையத் தொடங்கினால் ஒவ்வோர் அடிக்கும் முட்ட வேண்டியதுதான். சிலிக்கன் அணுக்கள் சூட்டில் அதிர, இலத்திரன்களின் பாடும் அப்படியே. 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குப் போகும்போது அவற்றின் நகர்திறன் ஏறத்தாழ 65 சதவீதமாகக் குறைகிறது. மறுபுறம், திரான்சிற்றரைத் திறக்கத் தேவையான படலை வோல்ற்றளவும் ஒரு பாகைக்கு 1 மில்லிவோல்ற்று அளவில் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, மின்னோட்டம் மாறாதிருக்கும் ஒரு புள்ளியும் உண்டு. அதோடு தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் மின்னோட்டம் மாறாவிட்டாலும் நகர்திறன் குறைந்ததால் நயம் குறைந்தே இருக்கும்.

இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு திரான்சிற்றரின் நயம் சிறியது. ஆகவே பல படிகளை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு படியிலும் வலு ஐந்திலொரு பங்கு குறைந்தால், மூன்று படிகளில் ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும். ராடாரில் திரும்பும் வலு தூரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதமானது. எனவே அனுப்பும் வலு பாதியானால், 100 மீற்றரில் தெரிய வேண்டிய மனிதர் 84 மீற்றரிலேயே தெரிவார். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 16 மீற்றர் ஏறத்தாழ ஒரு செக்கன். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு செக்கனின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

பரிகாரம், சூடேறும்போது தானாகக் கூடும் மின்னோட்டத்தை ஊட்டுவது. பரப்பில் 8 மடங்கு வேறுபட்ட இரு இருமுனைவுத் திரான்சிற்றர்களில் சமமான மின்னோட்டத்தைச் செலுத்தினால், அவற்றின் அடி–காலி வோல்ற்றளவுகளின் வித்தியாசம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதமாகும்: 300 கெல்வினில் ஏறத்தாழ 54 மில்லிவோல்ற்று, 400 இல் 72. வெப்பமானி சிப்புக்குள்ளேயே இருக்கிறது! இதிலிருந்து பெறும் மின்னோட்டம் 300 பங்கிலிருந்து 400 பங்காகும், அதாவது மூன்றிலொரு பங்குதான் கூடும். நகர்திறன் இழப்பை ஈடுசெய்ய 1.5 மடங்கு வேண்டும். இரண்டிலிருந்தும் மாறாத 100 பங்கைக் கழித்துவிடுங்கள்: 200, 300. சரியாக 1.5 மடங்கு! சாதாரணக் கழித்தல் இங்கே செய்யும் வேலையை எண்ணி நான் இன்னும் வியக்கிறேன்.

ஆயினும் மின்னோட்டம் கூடினால் சூடும் கூடும். சூடு மீண்டும் மின்னோட்டத்தைக் கூட்டும். ஆகையால் இதற்கு எல்லை வகுக்க வேண்டும். வேறு சிலர் வெளியேறும் வலுவைச் சிறிதளவு எடுத்து அளந்து, குறைந்தால் கூட்டும் பின்னூட்டல் சுற்றை வைக்கிறார்கள். அது நேர்மையான வழி. ஆனால் அளக்கும் சுற்றும் அதே சிப்பில்தான் குடியிருக்கிறது, அதுவும் சூடாகும். எனவே முதலில் அதற்கு ஓர் ஈடுசெய்தல் வேண்டும்.