இருபதாம் தேதிக்கு மேலே

மாதச் சம்பளக்காரர்களின் பஞ்சாங்கத்தில் இரண்டே பக்ஷங்கள் உண்டு. முதல் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரையில் சுக்கில பக்ஷம். அதற்கு மேல் கிருஷ்ண பக்ஷம். முன் பக்ஷத்தில் வாசலுக்கு வந்த பழக்காரரிடம் பேரம் பேசாமல் வாங்குகிறோம். பின் பக்ஷத்தில் கொத்துமல்லிக் கட்டுக்குக்கூட விலை கேட்டுவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று உள்ளே போகிறோம். இதற்குச் சம்பளத்தின் பேரில் பழி போடுவது வழக்கம். சம்பளம் போதவில்லை என்பது பெரும்பாலான வீடுகளில் உண்மைதான். ஆனால் சம்பளம் இரண்டு மடங்கு உயர்ந்த வீடுகளிலும் இருபதாம் தேதி தவறாமல் வந்து சேர்வதைப் பார்த்தால், கோளாறு முழுவதும் வரவுப் பக்கத்திலேயே இருப்பதாகச் சொல்ல மனம் வரவில்லை.

"ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். வீடு தின்பது கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் அதற்கு ஒரே உபாயம் கணக்கு எழுதுவது. இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மகாத்மா காந்தி 1888-ஆம் ஆண்டில் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கே பஸ் கட்டணம், தபால் செலவு, பத்திரிகைக்குக் கொடுத்த சில்லறை முதலிய ஒவ்வொரு காசையும் எழுதிவைத்து, இரவு படுக்குமுன் இருப்பைச் சரிபார்த்ததாகத் தமது சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் செலவைப் பாதியாகக் குறைக்க முடியும் என்ற தைரியம் அவருக்கு வந்தது. வண்டியை விட்டு நடக்கத் தொடங்கினார். காலை ஆகாரத்தைத் தாமே சமைத்துக்கொண்டார். இறுதியில் நாளொன்றுக்கு ஒன்றேகால் ஷில்லிங்கில் சாப்பாட்டை முடித்துக்கொண்டார். பிற்காலத்தில் லட்சக் கணக்கான பொதுப் பணம் அவர் கைவழியாகச் சென்றபோதும் கணக்கில் பாக்கி விழாமல் இருந்ததற்கு இந்தப் பழக்கமே காரணம் என்றும் அவரே கூறுகிறார்.

நம் காலத்தில் கணக்கு எழுதுவது முன்னைவிட அவசியமாகிவிட்டது. நோட்டையும் நாணயத்தையும் எண்ணிக் கொடுத்த நாளில், கொடுக்கும் கை கொஞ்சம் தயங்கும். மணிபர்ஸ் மெலிவதைக் கண் பார்க்கும். 2016-ஆம் ஆண்டில் கைபேசி மூலம் உடனுக்குடன் பணம் அனுப்பும் முறை வந்தது. அது முதல் பணம் போவதும் தெரிவதில்லை, வருத்தப்பட நேரமும் இருப்பதில்லை. சௌகரியத்தை நான் குறை கூறவில்லை. அந்தக் கைபேசியே ஒவ்வொரு செலவையும் தேதியிட்டு வைத்திருக்கிறதே, அதையாவது ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்த்து எழுதலாம் அல்லவா? ஆபீஸ் வாசலில் காப்பியும் வடையுமாக நாளொன்றுக்கு 40 ரூபாய் கொடுப்பவர், வருஷம் முழுவதும் கொடுத்தால் அது 14,600 ரூபாய். காப்பியை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. தொகை தெரிந்த பிறகும் ஒருவர் குடிப்பாரானால் அவர் மனமறிந்து குடிக்கிறார். அதற்கு மேல் அது அவர் இஷ்டம்.

இனி வீடு தின்னும் வகைகளில் மின்சாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1,000 வாட் சக்தி ஒரு மணி நேரம் செலவானால் ஒரு யூனிட். பழைய மாதிரிக் கூரை விசிறி ஒன்று முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். தினம் 15 மணி நேரம் சுழன்றால் 60 நாட்களில் 67½ யூனிட் ஆகிறது. புதிய வகை மோட்டார் பூட்டிய விசிறிகள் ஏறக்குறைய 30 வாட்டில் அதே காற்றைத் தருகின்றன; அவற்றுக்கு அதே காலத்தில் 27 யூனிட் போதும். வீட்டில் இரண்டு விசிறி இருந்தால் வித்தியாசம் 81 யூனிட். படிப்படியாக விலை ஏறும் கட்டண முறையில், நாம் மிச்சம் பிடிக்கும் யூனிட்டெல்லாம் மேல்படியில் இருக்கும் விலையுயர்ந்த யூனிட்டுகளே என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகையால் ஆதாயம் எண்ணிக்கையில் தோன்றுவதைவிட ரூபாயில் அதிகம். இதற்காக நன்றாகச் சுழலும் விசிறியைக் கழற்றி எறிவது புத்திசாலித்தனமல்ல. பழையதன் சுருள் எரிந்து, மறுபடி சுற்றக் கொடுப்பதா புதிது வாங்குவதா என்று யோசிக்கும் நாளில் இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டால் போதும். குளிர்சாதனப் பெட்டி வைத்திருப்பவர்கள் 18 பாகையில் வைத்துக் கம்பளி போர்த்துக்கொள்ளும் விநோதத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? 24 பாகையில் வைத்து மெதுவாக ஒரு விசிறியையும் ஓட விட்டால் உடம்புக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது.

சமையலறையில் பெண்மணிகளுக்கு யோசனை சொல்ல வருவது அதிகப்பிரசங்கித்தனம். எனினும், நம் பாட்டிமார் செய்துவந்து நாம் கைவிட்ட சிலவற்றை ஞாபகப்படுத்தலாம். மாசி பங்குனியில் புதுப்புளி வரும்; மிளகாயும் அந்தக் காலத்தில்தான் சந்தைக்கு நிறைய வரும். அப்போது ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, சித்திரை வெயிலில் காயவைத்து, புளியைக் கொட்டை நீக்கி உப்புத் தூவி ஜாடியில் அடைத்து வைப்பார்கள். மிளகாயும் மல்லியும் மில்லில் அரைத்து வந்தால் வீடு முழுவதும் மணக்கும். இன்று நாம் நூறு கிராம் பொட்டலமாக வருஷம் பூராவும் அதே புளியை வாங்குகிறோம். பொட்டலத்தின் விலையில் புளிக்கு எவ்வளவு, வர்ணக் காகிதத்துக்கு எவ்வளவு என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதற்காகப் பெரிய பொட்டலமெல்லாம் மலிவு என்றும் நம்பிவிடக் கூடாது. தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு சிறு பொட்டலத்தில் மலிவாகவும் புட்டியில் கிராக்கியாகவும் இருப்பதுண்டு. விலையை எடையால் வகுத்துப் பார்ப்பதற்கு ஐந்தாம் வகுப்புக் கணிதம் போதும். கடைக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துப்போய் அவர்களைக் கொண்டே இந்த வகுத்தலைச் செய்யச் சொன்னால் கணக்கு வாத்தியாருக்கும் உபகாரமாகும்!

காய்கறிக்கு உழவர் சந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1999-ஆம் ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் சந்தை திறக்கப்பட்டது. விளைவித்தவரே விற்பதால் இடைத் தரகு இல்லை. அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். எடையில் சூது குறைவு. ஆனால் காலையில் சீக்கிரம் எழுந்து போக வேண்டும். எட்டு மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டே கைபேசியில் வெண்டைக்காய் வரவழைப்பவர்களுக்கு இந்தச் சிக்கனம் கிட்டாது. அவர்கள் இழப்பது கறிவேப்பிலைக் கொசுறு மட்டும் அல்ல. ஒன்று வாங்கப் போய், விநியோகக் கூலி தள்ளுபடி ஆக வேண்டுமே என்பதற்காக வேண்டாத மூன்றையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

அடுப்பு விஷயம் சுருக்கமானது. கடலையையும் ராஜ்மாவையும் முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். பாத்திரத்துக்கு மூடி வேண்டும். சுவாலை பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி வெளியே எரியக் கூடாது. தாண்டி எரிவது சமையலறையைச் சூடாக்குகிறதேயன்றிச் சாம்பாரை அல்ல.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அநேக குடும்பங்களில் "செலவைக் குறைப்போம்" என்று கணவர் தீர்மானம் நிறைவேற்றுகிறார். அது யார் இலையில் குறைகிறது என்று அவர் எழுந்து வந்து பார்ப்பதில்லை. அவருடைய காப்பி குறையாது. குழந்தைகளின் பால் குறைய மனைவி சம்மதிக்க மாட்டாள். கடைசியில் அவளுடைய பாலும், அவளுடைய காயும், அவள் போட்டுக்கொள்ள வேண்டிய மருந்துமே குறைகின்றன. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவளின் தட்டில் பிடித்த மிச்சம், இரத்தசோகையாகவும் வைத்தியச் செலவாகவும் வட்டியோடு திரும்பி வருகிறது. குடும்பக் கணக்கில் பற்றாக்குறை விழுந்தால் முதலில் வெட்ட வேண்டியது சிகரெட்டையா, மூன்றாவது திரைப்படச் சந்தாவையா, வீட்டுக்காரியின் முட்டையையா என்பதைக் குடும்பத்தார் அனைவரும் ஒரு நாள் உட்கார்ந்து வாய்விட்டுப் பேச வேண்டும். பேசாத வீட்டில் முட்டைதான் போகும்.

உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு விசித்திரம் வருஷந்தோறும் தென்படுகிறது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. உடனே பெற்றோர் கலங்கிப்போகிறார்கள். சம்பளம், புஸ்தகம், சீருடை, செருப்பு, வண்டிக் கட்டணம் எல்லாம் திடீரென்று வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். புயல் திடீரென்று வரலாம். ஜுரம் திடீரென்று வரலாம். ஜூன் மாதம் எப்படித் திடீரென்று வரும்? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஒரு ஜோடி வளையல் ஜூன் மாதத்தில் அடகுக் கடைக்குப் போய், தை பிறக்கும் சமயத்தில் திரும்பி வரும். இது ஏழெட்டு வருஷமாக நடக்கிறது. ஜூன் செலவு 24,000 ரூபாய் என்றும், வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை என்றும் வைத்துக்கொள்வோம். மாதம் 360 ரூபாய்; ஆறு மாதத்தில் 2,160 ரூபாய். அதே 24,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் 2,000 ரூபாய் தனியே எடுத்து வைத்தால் வளையல் கையிலேயே இருக்கும். அதை அணிந்துகொண்டு அந்த அம்மாள் ஒரு கல்யாணத்துக்காவது போய் வரலாம். தீபாவளியும் பொங்கலும் காப்புறுதித் தவணையும் இந்த ஜாதியைச் சேர்ந்தவையே. தேதி தெரிந்த செலவுக்குக் கடன் வாங்குவது போன்ற வீண் வேறொன்றும் இல்லை.

வளையல் விற்கப்பட்டுவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே அண்ணன் தங்கை இருவரில் யாருடைய படிப்பு நிற்கும் என்று ஊகிக்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. பிளஸ் டூ வகுப்பில் முதலாவதாகத் தேறிய பெண், அடுத்த ஜூலையில் ஜவுளிக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

"வட்டியில்லாத் தவணை" என்று கடைகளில் தொங்கும் விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூஜ்ய வட்டி என்பதே கிடையாது, அந்த வட்டி வேறு பெயரில் எங்கோ ஒளிந்திருக்கிறது என்ற கருத்தில் ரிசர்வ் வங்கி 2013-இல் வங்கிகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது. கடன் அட்டையில் பாக்கி வைத்தால் மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் என்பது சாதாரணம். வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருஷத்துக்கு 42 ரூபாய்க்கு மேல் ஆகிறது. தெருவில் கந்துவட்டிக்காரரைக் கண்டால் முகம் சுளிக்கும் நாம், அதே வியாபாரம் பளபளக்கும் அட்டையில் வந்தால் பெருமையாகப் பையில் வைத்துக்கொள்கிறோம்.

மிச்சம் பிடித்ததை எங்கே வைப்பது? அதில் நம் தாய்மாருக்கு ஒரு பழைய வழி உண்டு. கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் அவர்கள் ஒளித்துவைத்த சிறுவாடு எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லா என்று அறிவிப்பு வந்தபோது, அந்த இரகசியமெல்லாம் கண்ணீரும் கூச்சமுமாக வெளியே வர நேர்ந்தது. சில கணவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், சிலர் கோபித்துக்கொண்டார்கள், சிலர் வாங்கிச் செலவழித்தும் விட்டார்கள். மனைவி ஒளித்து வைக்கும்படியாக ஒரு வீடு ஏன் இருந்தது என்று யோசித்தவர்கள் சிலரே.

டப்பாவில் இருக்கும் பணத்துக்கு வட்டியும் இல்லை, விலைவாசியிலிருந்து பாதுகாப்பும் இல்லை. நகையாக மாற்றினால் சேதாரம் போகிறது. சேதாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு என்றால், எட்டுப் பவுன் வாங்குகிறவர் ஏறக்குறைய ஒரு பவுனின் விலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். அணிவதற்கு நகை வாங்குவது வேறு. சேமிப்பு என்று பெயர் வைத்து வாங்குவது வேறு. சீட்டுக் கட்டுபவர்கள் அது 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவானதா என்று விசாரிக்க வேண்டும். அச்சட்டத்தில் சீட்டு நடத்துபவருக்கு நூற்றுக்கு 5 என்றிருந்த தரகு 2019-இல் 7 ஆக உயர்ந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் ஆசை காட்டுகிறவர் எவ்வளவு நெருங்கிய உறவினரானாலும், காப்பி கொடுத்து அனுப்பிவிடுவதே சிலாக்கியம்.

தபால் ஆபீஸ் சேமிப்பு 1882-ஆம் வருஷம் முதல் நம் நாட்டில் இருந்து வருகிறது. அங்கே மாதம் 100 ரூபாய் முதல் ஐந்து வருஷத்துக்குத் தொடர் சேமிப்புக் கட்டலாம். சம்பளம் வந்த இரண்டாம் நாளே கட்டிவிட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சியதைக் கட்டலாம் என்றால் எதுவும் மிஞ்சாது. கணக்கு வீட்டுக்காரியின் பெயரிலேயே இருக்கட்டும். சிறுவாடு அவளுடையதுதானே? வேறொன்றும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மனுவில், கணக்குக்குரியவர் காலமானால் தொகையைப் பெறவேண்டியவர் பெயரை எழுத ஓர் இடம் உண்டு. அபசகுனம் என்று அதை வெற்றாக விட்டுவிட்டு, பிறகு வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்குகிறவர்களைக் காண்கிறோம். அந்த இடத்தை நிரப்பிக் கையெழுத்துப் போட்ட பிறகே புஸ்தகத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.